சவுண்டு டிரைவர்

“தீப்பிடிச்சா மொதல்ல என்னம்மா செய்யணும்?”

ஆறு வயதில் மாரிசெல்வி ஒருநாள் கேட்ட கேள்வி அது. பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து வந்திருந்த அவள் அம்மா குருவம்மாள், “யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. மண்ணை அள்ளிக் கொட்டணும்” என்று சொல்லிவைத்தாள்.

மகள் வளர்ந்தும் அதை மறக்கவில்லை. இன்று மத்தியானம் பொசுங்கும் வாடை வந்ததும், ஒரு சட்டி மண்ணை அள்ளி லேப்டாப்பின் மேல் கொட்டிவிட்டாள்.

“வாடை வந்தது அடுத்த வீட்டுல இருந்து தம்பி. பழைய டயரைப் போட்டு எரிச்சிருக்காக” என்றாள் குருவம்மாள், விருதுநகர் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு.

கடையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காவலன் சிரித்தார். சிவகாசி பட்டாசு முதலாளி ஒருவரின் கணக்கப்பிள்ளை அவர். “கொட்டுறதுக்கு முன்னால கண்ணைத் தொறந்து பார்க்கக் கூடாதாக்கும்?”

குருவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கடைக்காரன் செல்வக்குமார் காற்றடித்து மண்ணை வெளியேற்றிவிட்டு நிமிர்ந்தான். “மண்ணு போயிருச்சும்மா. ஓடும்போதே நின்னதுல விண்டோஸ்தான் கெட்டுப்போச்சு. புதுசாப் போடணும். நாளைக்கு வாங்க.”

“நாளைக்குக் காலையில மதுரையில அவளுக்கு வேலைக்கு டெஸ்ட்டு தம்பி. லேப்டாப்போட வரச்சொல்லியிருக்காக. எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான்.”

“ஆறு மணிக்குக் கரண்ட்டு போயிரும்மா. இதுல பேட்டரி நிக்காது. கடை யுபிஎஸ்ஸும் படுத்துருச்சு. பாதியில நின்னா மறுபடியும் முதல்ல இருந்து போடணும்.”

“எங்க முதலாளி மிஷினைப் பாருப்பா முதல்ல” என்றார் ஊர்க்காவலன். “சீசன் ஆர்டர் அம்புட்டும் அதுலதான் கெடக்கு.”

குருவம்மாள் நகரவில்லை. அவள் நிற்பதைப் பார்த்து, அரை மனதோடுதான் செல்வக்குமார் சிடியைப் போட்டான். சி டிரைவை மட்டும் அழித்தான். டி-யில் இருந்ததைத் தொடவில்லை. நீலத் திரையில் மஞ்சள் கோடு மெல்ல ஊர்ந்தது. அது நகர நகர, குருவம்மாளின் உதடுகள் “மாரியாத்தா, மாரியாத்தா” என்று முணுமுணுத்தன.

பாதியில் விண்டோஸ் ஒரு பெயர் கேட்டது.

“யாரு பேரும்மா போட?”

“மக பேரு போடுங்க தம்பி. மாரிசெல்வி.”

“எந்த ஊரு நீங்க?”

“அச்சங்குளம்.”

அவன் விரல்கள் நின்றன. கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தான். உள்ளே இன்னும் மண் இருக்கிறதோ என்று குருவம்மாளுக்குப் பயம் வந்தது.

“ஊர்க்காவலண்ணே, உங்க மிஷின் நாளைக்குத்தான்.”

“ஏலே, விளையாடுதியா? முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“வேற கடை பார்த்துக்கிடச் சொல்லுங்க.”

ஊர்க்காவலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கம்பெனி வேலையில்தான் கடையே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

விண்டோஸ் ஏறி முடிந்தபோது கரண்ட் போக அதிக நேரம் இல்லை. திரையில் எழுத்துகள் பூதம்போலப் பெருத்துத் தெரிந்தன.

“இனி டிரைவர்ங்கிற புரோகிராம் போடணும்மா. திரைக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு, நெட்டுக்கு ஒண்ணுன்னு இருக்கு. எல்லாத்துக்கும் இப்ப நேரமில்ல.”

“திரைக்குப் போடு” என்றார் ஊர்க்காவலன். “எழுத்தெல்லாம் பூசணிக்கா தண்டிக்குத் தெரியுது.”

குருவம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செல்வக்குமார், “சவுண்டுதான் போடப்போறேன்” என்றான்.

“டெஸ்ட்டுக்குப் போற பிள்ளைக்குப் பாட்டு எதுக்குப்பா?”

“சும்மா இருங்கண்ணே.”

முதலில் போட்ட டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் கேள்விக்குறி அப்படியே நின்றது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டான். அதுவும் இல்லை. நெற்றி வியர்வையைத் துடைக்காமல் மூன்றாவது சிடியைத் தேடி எடுத்தான். லேப்டாப் அணைந்து, திரும்ப எழுந்து, சின்னதாக ஒரு இசை கேட்டது.

குருவம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னும் என்னவோ செய்தான். அணைத்து, மூடி, அவள் கையில் கொடுக்கவும் கரண்ட் போனது.

“எம்புட்டு ஆச்சு தம்பி?”

“பெறகு பார்த்துக்கிடலாம். சாத்தூர் பஸ் போயிரும், ஓடுங்க.”

வீட்டில் மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்தாள். விரலால் விசைகளைத் தடவி அழுத்தினாள். திரையில் இருந்ததை எல்லாம் அது ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தது. அவள் திகைத்துப் போனாள்.

“படிச்சுக் காட்டுற புரோகிராமையும் தேடிப் போட்டிருக்காரும்மா. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னியா?”

“சொல்லலையே. கண்ணு தெரியாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேப்பாகன்னு நான் வாயே தொறக்கலை.”

“அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?”

குருவம்மாள் யோசித்துப் பார்த்தாள். “மாரியாத்தாதான் சொல்லியிருப்பா” என்றாள்.

விருதுநகரில் கரண்ட் திரும்பி வந்த பிறகும், செல்வக்குமார் விளக்கைப் போடாமல் கடை வாசலில் தனியாக நின்றிருந்தான். சாத்தூர் பஸ் போன திசையைப் பார்த்து மெல்லக் கைகூப்பினான். அவனுக்குப் பதினாறு வயதில், எரிகிற பட்டாசு ஷெட்டிலிருந்து முன்பின் தெரியாத அவனை வெளியே தள்ளிவிட்டுத்தான் அச்சங்குளத்து மாரிசெல்வி தன் இரண்டு கண்களையும் தீயிடம் கொடுத்திருந்தாள்.