திடீர் ஒத்திகை

"வீட்டுல யார் ஒத்திகைன்னு சொன்னாலும் கேள்வி கேக்கக் கூடாது. கதவோரம் இருக்கிற பையை எடுங்க, வண்டியில ஏறுங்க. நான் வந்து விசில் ஊதுற வரைக்கும் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது!"

முதியோர் மன்றத்தில் சம்பளமில்லாமல் பேரிடர்ப் பயிற்சி தரும் விசில் சார், தொண்டை கிழியக் கத்தினார். முன்பு நிரம்பி வழிந்த கூடத்தில் இப்போது பாதி நாற்காலிகள் காலி.

"வயசானா சோம்பேறித்தனமும் வந்துடுது" என்று முணுமுணுத்தபடி வீடு திரும்பினார்.

வாசலில் மகன் காரோடு நின்றான்.

"அப்பா, இன்னிக்கு உங்களுக்கே திடீர் ஒத்திகை. பை ரெடியா?"

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "என்கிட்டயே கேக்கறியா? மாத்திரை, துணி, கண்ணாடி, எல்லாம் எப்பவும் ரெடிடா!"

மருமகள் நிமிர்ந்து பார்க்காமலே பையை நீட்டினாள்.

வழியெல்லாம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விதி என்றால் விதிதானே!

ஊருக்கு வெளியே, உயரமான மதில் சூழ்ந்த கட்டிடத்தின் முன் கார் நின்றது. "உள்ள போங்கப்பா, எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான் மகன். அவர் இறங்கித் திரும்புவதற்குள் கார் பறந்துவிட்டது.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பை. வகுப்புக்கு வராமல் நின்றுபோன அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கும் ஒத்திகைன்னுதான் சார் சொன்னாங்க. நீங்க வந்து விசில் ஊதினதும் வீட்டுக்குப் போயிடலாம்னு காத்துக்கிட்டிருந்தோம். இப்ப நீங்களே பையோட வந்துட்டீங்களே!"