எதிர் நாற்காலிக்காரி

“தாலியப் போயி எப்டிம்மா கழட்டறது?”

“எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. எதிர்க் கடையில மஞ்சக் கயிறு விக்குது. அதக் கட்டிக்கினு இதக் கழட்டிடுங்க. உள்ள இருக்கறது காந்த மெஷினு, நக நட்டு எதுவும் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு நர்ஸ் இந்திராணி நகர்ந்தாள்.

திருப்பதியில் அந்த ஸ்கேன் சென்டர் காலையிலேயே நிரம்பியிருந்தது. சுலோசனா நகரியிலிருந்து வந்திருந்தாள். மாசக்கணக்கில் இடுப்பு வலி, கால்வரை இழுத்தது. முதுகுத்தண்டில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் எலும்பு டாக்டர்.

கணவர் முனிரத்தினம் போய்க் கயிறு வாங்கிவந்தார். அதுவரைக்கும் சரிதான்.

“கட்டி விடுங்க” என்று தலையைக் குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. “இன்னாது, பாவு அறுந்துடுச்சா? எந்தத் தறியில?” கயிற்றை அவள் மடியில் போட்டார். “நீயே கட்டிக்க சுலோ. நான் இல்லன்னா பசங்க தறிய நாஸ்தி பண்ணிடுவானுங்க.”

பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். தனக்குத் தானே தாலி கட்டிக்கொள்ளும் முதல் பொம்பளை நான்தான் என்று மனதுக்குள் பொருமியபடி முடிச்சுப் போட்டாள் சுலோசனா. கோபத்தில் மூன்று முடிச்சு நாலாகிவிட்டது.

நிமிர்ந்தால், எதிரே வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் நாற்காலியில் ஒரு சின்னப் பெண். அவள் புருஷனுக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் அவன் உட்காரவில்லை. அவளை ஒட்டியே நின்று, டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டு நீட்டினான்.

“துன்னு. காலைலேந்து பட்டினியா கீற.”

“நீ?”

“எனுக்கு வாணாம். நீ துன்னாத்தான் எனுக்குத் தெம்பு.”

சுலோசனாவுக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டி சாப்பிட்டால் இவனுக்குத் தெம்பாம். இப்படியும் ஆம்பளைகள் பிறக்கத்தான் செய்கிறார்கள். நகரியில்தான் பிறக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவளை எழுப்பி நிற்க வைத்தான். கூந்தலை ஒதுக்கி மஞ்சள் கயிற்றை நிதானமாகக் கட்டினான். சரியாக மூன்று முடிச்சு.

“பாத்தியா, ரெண்டாவது தபாவும் உன்னையே கட்டிக்கினேன்.”

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதாள்.

பொறுக்க முடியாமல் சுலோசனா பேச்சுக் கொடுத்தாள். “எந்த ஊரு?”

“பாகாலா பக்கம்க்கா” என்றான் அவன்.

“இன்னா, முதுகா?”

“முதுகெலும்புக்கா. எக்ஸ்ரேல ஒரு எலும்பு நசுங்கினாப்ல தெரிஞ்சுது. அது ஏன் நசுங்குச்சின்னு ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியுமாம்.” ஏதோ சைக்கிள் பஞ்சர் ஆன மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஒரு எலும்பு நசுங்கினதுக்கே இந்தத் தாங்கு தாங்குகிறான். எனக்கு நரம்பே நசுங்கிக் கிடக்கிறது, ஏன் என்று கேட்க நாதியில்லை. சுலோசனாவின் குரலில் அந்தக் காரம் இறங்கியது. “எதுக்கும்மா அழுவுற? இப்டி ஒரு புருஷன் வெச்சிக்கினு?”

“அதாங்கா அழுவறேன்” என்றாள் அந்தப் பெண்.

இதற்குப் பெயர்தான் கொழுப்பு என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சுலோசனா.

முனிரத்தினம் உள்ளே வந்தார். அவர் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். “எதிர்ல பாருங்க. வந்ததுலேந்து அவ பக்கத்துலயே நிக்கிது அந்தப் புள்ள. நீங்க ஒரு முடிச்சாவது போட்டீங்களா?”

“புதுசுல எல்லாரும் அப்டித்தான். நாலு வருசம் போவட்டும், அவனும் போனத் தூக்கிக்கினு வெளிய ஓடுவான்” என்றார் முனிரத்தினம். சொன்னது எதிர் நாற்காலிவரை கேட்டிருக்கும். அந்தப் பெண் புருஷனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் சுலோசனாவிடம் வந்தான். கையில் ஒரு கைக்குட்டை. அதில் பெண்டாட்டியின் தாலியும் அவனுடைய வாட்சும் இருந்தன.

“அக்கா, எங்ககூட யாரும் வரல. ரெண்டு பேரும் உள்ள போறோம். வர்ற வரைக்கும் இத வெச்சிக்கிறீங்களா?”

சுலோசனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்கேன் அறைக்குள்ளேயும் கூடவே போகப்போகிறானா? அடுத்த ஜென்மம் என்று ஒன்று இருந்தால் இந்தப் பெண்ணாகத்தான் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கைக்குட்டையை வாங்கினாள்.

இந்திராணி கதவைத் திறந்தாள். பச்சை கவுன் ஒன்றை நீட்டி, “பேஷண்ட் தனசேகர், சட்டையக் கழட்டிட்டு இதப் போட்டுக்குங்க” என்றாள்.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

“நீ அவரு கால்மாட்டுல ஸ்டூல்ல உக்காந்துக்கம்மா. ஆனா அழாத. நீ அழுதா அவரு அசைவாரு, படம் சரியா வராது.”