மைத்துனனைப் பிடித்த விசிறி

எண்பது கிலோ எடையுள்ள என் மைத்துனனை எங்கள் வீட்டு விசிறி ஒரு சாயங்காலம் பிடித்து வைத்துக்கொண்டு, விடமாட்டேன் என்றது.

அந்த எண்பதில் பாதி நாக்கு. அதையும் சேர்த்துத்தான் பிடித்தது.

நம்ப வேண்டாம். அடுத்த முறை சொல்லும்போது நானே தொண்ணூறு கிலோ என்றுதான் சொல்வேன்.

விசிறி என்றால் தலைக்கு மேலே சோம்பலாகச் சுற்றுமே, அது இல்லை. கூடத்துக் கூரையில் ஓட்டை போட்டு, லாரி டயர் அகலத்துக்குப் பொருத்தியது. வெயில் தணிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு இதைப் போட வேண்டும். பகலெல்லாம் வீட்டுக்குள் வெந்த காற்றை உறிஞ்சி, மேலே இருக்கும் பரணுக்குத் தள்ளி, அங்கிருந்து வெளியே துப்பிவிடும். ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும்.

ஓட்டையை நான்தான் போட்டேன். ஓய்வு பெற்றவன் கையில் ரம்பம் கிடைக்கக் கூடாது என்று என் மனைவி அன்று முதல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தம்பி ஏசி விற்கிறவன். யாருக்கு வியர்த்தாலும் அவன் முகம் மலரும். எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுவான். மழைக்காலத்திலும் கழற்றுவான்.

"அத்தான், இது ஃபேன் இல்ல. ஓட்டைக்கு வெச்ச மூடி" என்றான். "ஒரு ஈயைக்கூட நகத்தாது."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவர்கள் உண்டு. என் மனைவி பூனையை நீதிபதியாகவே வைத்துவிட்டாள். காற்று வருகிறது என்று தம்பி தன் வாயால் சொன்னால் விசிறி இருக்கட்டும். இல்லையென்றால் மறுநாளே ஓட்டையை அடைத்து, விசிறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அறைக்கு ஒரு ஏசி.

அப்புறம் கூரையில் பூசி மறைத்த அந்த வட்டம் ஆயுள் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

நீதிபதி அளவு நாடாவோடு வந்து, வாசல் கதவைச் சாத்தினார்.

நான் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, ஏணியில் ஏறித் திருகுகளுக்குக் கடைசி முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி கொல்லையில் காய்ந்த துணி எடுக்கப் போயிருந்தாள். தீர்ப்புக்கு முன்பே அவன் அறை அறையாகப் போய், ஏசி மாட்டச் சுவரை அளந்தான். கூடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால்கூடப் புகுந்து அளந்தான். அடுப்படிக்கு எதற்கடா ஏசி என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். தேர்ந்த வியாபாரி ஒரு சுவரையும் விடமாட்டான்.

மனைவி துணிகளோடு உள்ளே வந்து, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவன் கை கழுவக் குளியலறைக்குப் போனான்.

"போடுங்க அத்தான். காத்து வந்தா இங்கேயே தெரிஞ்சுடும்."

போட்டேன்.

விசிறி உறுமிய உறுமலில், விமானம் இறங்குகிறதென்று எதிர்வீட்டில் நாலு பேர் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நாலு என்பது என் கணக்கு.

ஆனால் கூடத்துத் திரைச்சீலை அசையவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. திரையைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஏசி வாங்கலாம் என்று எனக்கே தோன்றுகிற அளவுக்கு வியர்த்தது.

அப்போதுதான் குளியலறைக் கதவு, யாரும் தொடாமல், படாரென்று சாத்திக்கொண்டது.

கைப்பிடி ஆடியது. மறுபடி ஆடியது. அது உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. அவன் அங்கே இழுத்தான், விசிறி இங்கே இழுத்தது.

"அக்கா, கதவு உப்பிப்போச்சு. தள்ளிவிடு."

"மழையே இல்லாம எப்படி மாப்ளே உப்பும்?" என்றேன். "ஈயை நகத்தாத ஃபேன்தானே. நல்லா இழு."

இழுத்தான். காலைச் சுவரில் ஊன்றித்தான் இழுத்திருப்பான், ஈரத் தரையில் சறுக்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் காற்று சீட்டியடித்தது. அந்த ஒரு அறையில்தான், துருப்பிடித்து மூடவே வராத கண்ணாடிப் பட்டை ஜன்னல் இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டிய காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் முட்டிமோதுகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

என் மனைவிக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

எழுந்து போய்த் திரையை விலக்கினாள். ஜன்னல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. படுக்கையறைக்குப் போனாள். அங்கேயும் தாழ்ப்பாள். அடுப்படியிலும்.

திரும்பி வந்து குளியலறைக் கதவருகே நின்றாள். இரக்கப்பட்டு நான் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். இருங்கள் என்று சைகை காட்டினாள்.

"தம்பி, ஜன்னலையெல்லாம் எதுக்குடா சாத்தின?"

கைப்பிடி ஆடுவது நின்றது.

"திறந்திருந்தா..." என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "காத்து வந்துடுமேக்கா."