நூறு எள்ளுருண்டை

மழையில் இடியும் பொது வளையைக் கட்ட, முயல் இளைஞர் சங்கம் வருஷாவருஷம் மரத்தடியில் எள்ளுருண்டை விற்றுப் பணம் சேர்க்கும். வாங்க வருபவரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் விற்பனை ஆன்லைனுக்குப் போனது. விளம்பரப் படத்தில் தட்டேந்தி நின்றவள் வெள்ளச்சியின் கடைக்குட்டி பஞ்சு.

முதல் நாளே ஒருவர் நூறு உருண்டை கேட்டார்.

"எல்லாம் பஞ்சுவோட முகராசிக்கா!" என்று வெள்ளச்சியின் வளைக்குள் வந்து குதித்தான் சங்கத் தலைவன் செவியன்.

வெள்ளச்சி அவனைப் பிடித்து நிறுத்தினாள். "முகராம எப்படிடா கொடுக்கிறது? யாருன்னு கேளு."

"சரியான பயந்தாங்கொள்ளிக்கா நீ!" சிரித்துக்கொண்டே கேட்டு அனுப்பினான்.

உடனே பதில் வந்தது: "நானும் முயல்தான். அவசரமில்லை. படத்திலுள்ள குட்டி தூங்கி எழுந்ததும் அவளிடமே கொடுத்தனுப்புங்கள்."

மூலையில் பஞ்சு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். வெள்ளச்சி பாய்ந்துபோய் வாசலை முதுகால் அடைத்தாள். வெளியிலிருந்து சூடான மூச்சு அவள் முதுகில் பட்டது.