ஆடாத வளையம்

“கோள் சொல்றேன்னு நினைக்காதீங்க சார். பக்கத்து மேசை அண்ணன் வேலையே செய்யறதில்லை” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

பேராசிரியர் கையில் ஒரு கடிதம். அந்த அண்ணனின் ஆராய்ச்சிக்கு இன்னும் ஓராண்டு கொடுக்கலாமா, மூட்டை கட்டச் சொல்லலாமா என்று இன்றே எழுதி அனுப்ப வேண்டும்.

“என்ன பண்றான்?”

“நான் லேசரைப் போட்டாப் போதும், தன் மெஷினோட பம்ப்பை நிறுத்திட்டு கான்டீனுக்குக் கிளம்பிடுவார். எட்டு மாசமா இதே கதை. லேபுல அவருக்குக் ‘கான்டீன்’னே பேர் வச்சாச்சு.”

சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பொய் ஒன்றும் சொல்லவில்லையே! மாடாக உழைப்பவள் ஒருத்தி, டீ குடித்தே பொழுதைக் கழிப்பவர் ஒருத்தர். பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

“சரி, உன் ஒளி வளையத்தைக் காட்டு” என்றார் பேராசிரியர்.

லேசரைப் போட்டாள். திரையில் வளையம் வந்து நின்றது. சுற்றிலும் வெளிச்சம், நடுவில் பொட்டளவு இருட்டு. செல்லுக்குள் இருப்பதை நுணுக்கமாகப் படம் பிடிக்க மைக்ரோஸ்கோப்காரர்கள் கேட்டிருந்த ஒளி.

“அருமை!”

“அவசரப்படாதீங்க சார். பார்வைக்கு எல்லா வளையமும் ஒண்ணுதான். ஒளியோட அதிர்வு நடுவிலேர்ந்து வெளியே போகுதா, வளையத்தைச் சுத்தியே போகுதான்னு வெறும் கண்ணால சொல்ல முடியாது. நமக்கு வேணுங்கிறது சுத்திப் போறது. ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடுற போலரைசரை வச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும்.”

செங்குத்தாக வைத்தாள். வளையம் இடதும் வலதுமாக இரண்டு துண்டாகப் பிரிந்தது. மேலும் கீழுமாகப் பிரிந்திருந்தால் அது வேறு ஒளி. இது அதேதான்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போலரைசரை எடுத்துவிட்டுத் திரும்பினால், பேராசிரியர் பக்கத்து மேசையருகே நின்றிருந்தார்.

“இவன் மெஷின் ஓடுமா, இல்லை துருப்பிடிச்சே போச்சா?” என்று பம்ப்பின் சுவிட்சைத் தட்டினார்.

கடகடவென்று சத்தம். திரையில் வளையம் நடுங்கியது. ஒரு பக்கம் கலைந்தது. நடுவிலிருந்த இருட்டைக் காணோம்.

அவள் திகைத்துப் போனாள். அவளுக்குத் தெரிந்து இந்த எட்டு மாதத்தில் லேசரும் பம்ப்பும் ஒன்றாக ஓடுவது இதுதான் முதல் தடவை.

கதவு படாரென்று திறந்தது. பம்ப் சத்தம் கேட்டு, சட்டையெல்லாம் டீ சிந்த ஓடி வந்தார் கான்டீன்.

“பம்ப்பை யாரு போட்டது? தங்கச்சியோட வளையம் ஆடிப்போயிடுமே!” என்று பாய்ந்து நிறுத்தியவர், அப்புறம்தான் பேராசிரியரைப் பார்த்தார். “சாரி சார்...”

“இதுக்காகவா தினமும் நிறுத்தறே? அப்போ உன் வேலை?”

“ரெண்டு மேசைக்கும் ஒரே தரை சார். முதல் நாளே வளையம் ஆடினதைப் பார்த்து, அவ கவனிக்கறதுக்குள்ள பம்ப்பை நிறுத்திட்டேன். அவளுக்கு வந்துட்டா அப்புறம் என்னோடதைப் பார்த்துக்கலாம்னு...”

“ஏண்ணா எங்கிட்ட சொல்லலை?” என்றாள் அவள்.

“சொன்னா நீ சங்கடப்பட்டுக்கிட்டு லேசரையே போட மாட்டே.”

திரையில் வளையம் மறுபடி அசையாமல் நின்றது. பேராசிரியர் கடிதத்தை விரித்து, பேனாவைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார்.

“நீ ஏதோ சொன்னியேம்மா?”

“நான் சொன்னது தப்பு சார். ஓராண்டுன்னு எழுதுங்க” என்றவள், லேசரை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நீங்க பம்ப்பைப் போடுங்கண்ணா. இனிமே கான்டீனுக்கு நான் போறேன்.”