சத்தமா வை!

"இயர்போனைக் குடுங்கன்னு மூணு நாளா கேக்கறேன். தரவே மாட்டேன்றாருக்கா" என்று பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம் சொல்லும்போதே காந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்காம்?"

"அதை மாட்டிக்கினா அவர் சொல்றது என் காதுல விழலையாம், தறியில சேலைக் கரை தப்புதாம். சத்தமா வெச்சிக் கேளு, இல்லன்னா படிப்பே வேணாம்ன்றாரு."

எட்டாவதோடு நின்றுபோன காந்தா, முப்பத்து நாலு வயதில் திறந்தநிலைப் பள்ளியில் பெயர் கொடுத்து, பத்தாவது எழுதப் போகிறாள். வகுப்புக்குப் போக வேண்டாம். பாடமெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக் கேட்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் கோர்க்க இரண்டு பேர் வேண்டும். புருஷன் மாணிக்கவேல் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது காந்தா. கை தறியில், காது பாடத்தில் என்று நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது பொறுக்கவில்லை புருஷனுக்கு.

செல்லியம்மாள் சும்மா விடுகிற ஆள் இல்லை. நேராகத் தறிக்கே வந்துவிட்டாள்.

"ஏம்பா மாணிக்கவேல், நீ பத்தாவது பாஸ் பண்ணவன். பொண்டாட்டி படிச்சா உனக்கு என்னா வயித்தெரிச்சல்?"

"படிக்க வேணாம்னு யாரு சொன்னா? சத்தமா வெச்சிப் படிக்கட்டும்."

"தெருவே கேட்டுச் சிரிக்குதுபா!"

"சிரிக்கட்டும்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து தறிச் சத்தத்தையும் மீறிப் பாடம் ஓடியது. ஒளிச்சேர்க்கை, பானிப்பட்டுப் போர், சதவீதம் எல்லாம் தெருமுனை வரைக்கும் கேட்டது. போதாததற்கு மாணிக்கவேலின் நக்கல் வேறு.

"என்னாமோ உளர்றான். திருப்பிப் போடு."

"இப்பதானே ஓடுச்சு?"

"போடுன்றேன்ல."

காந்தா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் போட்டாள். சரி, இத்தனை கேட்கிறாரே என்று அவள் ஒரு சந்தேகம் கேட்டால், "இதெல்லாம் நான் எப்பவோ முடிச்சது. நீயே படி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். தான் பாஸாகிவிடக் கூடாது என்றே இவர் நினைக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

பரீட்சை நாள் வந்தது.

"தனியா போக பயமா இருக்குது. பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டாந்து வுடுங்க."

"வாலாஜாபாத்துல ஒரு ஜோலி இருக்குது" என்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஏழு மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வந்த கோபத்தில் காந்தாவுக்குப் பயம்கூடப் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து, ஹாலுக்குள் நுழைந்து தன் நம்பர் ஒட்டிய பெஞ்சைத் தேடினாள்.

முதல் வரிசையில் மாணிக்கவேல் உட்கார்ந்திருந்தான். எதிரே ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் இருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை.

"நீங்க இங்க என்னா பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"பாடத்தை யார் வேணா கேக்கலாம்னு நீதானே சொன்ன? அதான், நானும் கேட்டுக்கினேன்."

"நீங்கதான் பத்தாவது பாஸாச்சே!"

மாணிக்கவேல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அது பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பா உங்கப்பாகிட்ட சொன்ன பொய் காந்தா. நான் இந்தப் பரீட்சையை நல்லபடியா எழுதிட்டேன்னு வெச்சிக்கோ, அப்புறம் அது பொய்யே இல்ல பாரு!"