பூட்டின் முகம்

பிரஷ்ஷில் ஏதோ இடறியது.

சட்டைக் கையில், வலது முழங்கைக்குக் கீழே. தையலுக்குள் ஆழப் புதைந்த கல்லாக இருக்கும் என்று நகத்தால் கிளப்பினாள் சோப்பக்கா. நொய் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கல் இல்லை.

காவல் நாய்களுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. கடி வாங்குவதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் உண்டு. அவன் மாட்டிக்கொள்கிற மெத்தைச் சட்டை இது. காய்ந்த நிலையிலேயே பன்னிரண்டு கிலோ.

இதைத் தண்ணீரில் முக்கக் கூடாது. நாய் எச்சில் காய்ந்து கஞ்சி போட்டதுபோல் விறைத்த இடங்களை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, இரண்டு கைக்குள்ளும் கம்பு கொடுத்து, நிழலில், ஃபேனுக்கு முன்னால் இரண்டு நாள். வெயிலில் போட்டால் மேல்துணி செத்துப்போகும். ஈரம் உள்ளே நின்றால் மெத்தை கட்டிதட்டும். கட்டிக்குப் பக்கத்தில் பள்ளம் விழும். பள்ளத்தில் பல் இறங்கும்.

பதினோரு வருடத்தில் அவள் காயவைத்த சட்டையைத் தாண்டி ஒரு பல் இறங்கியதில்லை. சான்றிதழெல்லாம் ஆபீஸ் சுவரில், நாய்களைப் பழக்கும் மாஸ்டர் பெயரில் தொங்குகிறது.

தடத்தை வைத்தே நாய்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். இழுத்துக் கிழிப்பது கத்திரி. வாய்முழுக்கக் கவ்வி, விடச் சொல்லும்வரை விடாதது பூட்டு. குழாயடியில் உட்கார்ந்து, பேண்ட் முழங்கால்வரை நனைந்தாலும் சுருட்டிவிடாமல், “புதுச் சட்டைடா பாவி” என்று தடத்தோடு சண்டை போடுவாள்.

மூன்று வாரமாகப் பூட்டு கொறித்துக்கொண்டிருந்தது. அதுவும் இடதுபக்கத்துப் பல்லால் மட்டும். பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டது என்று மாஸ்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கழித்துவிட்ட நாயை ஏற்றிப்போக வாசலில் வண்டி நிற்கிறது. இனி ஏதோ ஒரு கிடங்கில், ஆயுசுக்கும் சங்கிலி.

துணுக்கை விரல்களுக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள். குழாயடிச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மாஸ்டர் நின்ற வாசலுக்கு நடந்தாள்.

“மாஸ்டர், அதுக்குப் பயமில்ல, வலி. வலது பல்லு ஒடஞ்சிருக்கு.”

மாஸ்டர் துணுக்கைப் பார்க்கவில்லை. நுரை காயாத அவள் கையைப் பார்த்தார். “துணி தொவைக்கிறவங்கல்லாம் டாக்டராயிட்டா நாங்க எதுக்கும்மா? அவ்வளவு தெரிஞ்சா நீயே வாயத் தெறந்து காட்டு.”

“அக்கா, வேணாம்…” கடி வாங்குகிறவன் மைதானத்திலிருந்து ஓடிவந்தான்.

அவள் ஏற்கெனவே வண்டியருகே கட்டியிருந்த பூட்டின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கட்டைவிரலால் வலது உதட்டைத் தூக்கினாள். கோரைப்பல்லுக்கு நுனி இல்லை. ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. பூட்டு உறுமவில்லை. சோப்பு வாசனை அடித்த அந்தக் கையை முகர்ந்துவிட்டு, நக்கியது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். எழுதிய தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மன்னிப்பா? அதெல்லாம் துணி துவைக்கிறவளிடம் கேட்கிற சாமானா என்ன. வண்டி மட்டும் காலியாகத் திரும்பிப் போனது.

குழாயடிக்குத் திரும்பியதும் அவள் கால் வெடவெடவென்று நடுங்கியது. கடி வாங்குகிறவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நாய்க்கூண்டுப் பக்கமே திரும்பாமல் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போகிறவள், சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்தே உட்காருகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

அவள் நனைந்த பேண்ட்டை முதல்முறையாகச் சுருட்டினாள், நடுங்குகிற காலை அமுக்கிவிட. கெண்டைச்சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். ஓரமெங்கும் பழைய பல் தடம். வாய்முழுக்கக் கவ்விய தடம்.



அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, தனக்குள் பேசுவதுபோலக் கேட்டாள்:

“ஏன்டா தம்பி, பூட்டுக்கு மூஞ்சி இவ்வளவு சின்னதாவா இருக்கும்?”